26 இஞ்ச் ஹப் மோட்டாரை வேறு அளவு சைக்கிளில் பூட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளை மோட்டாரில் ஓட வைக்கும் எலக்ட்ரிக் கிட் வாங்கப் போனால், சக்கரத்தின் நடுவில் உட்காரும் ஹப் மோட்டாரைப் பெரும்பாலும் 26 இஞ்ச் சக்கரத்தில் கட்டியேதான் தருகிறார்கள். வீட்டில் நிற்பதோ அப்பாவின் 28 இஞ்ச் சைக்கிள், இல்லையென்றால் மகனுடைய 24, அதுவும் இல்லையென்றால் மடக்கு சைக்கிளின் 20. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. வீட்டு சைக்கிள்களுக்கு மோட்டாரை மாற்றிப் பூட்டியதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் அவர்கள் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்போது திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவைதான் கீழே உள்ளவை.

26 இஞ்ச் சக்கரத்தோடு வந்த மோட்டாரை வேறு அளவு சக்கரத்துக்கு மாற்ற முடியுமா?

முடியும். தன்னைச் சுற்றி எந்த ரிம் இருக்கிறது என்று மோட்டாருக்குத் தெரியாது. பழைய ஸ்போக்ஸை, அதாவது சக்கரக் கம்பிகளை, அவிழ்த்துவிட்டு, புது ரிம்முக்கு ஏற்ற நீளத்தில் வேறு ஸ்போக்ஸ் போட்டுக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்போக்ஸே இல்லாமல் மோட்டாரும் ரிம்மும் ஒரே அலாய் வார்ப்பாக வரும் சக்கரத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பொருந்தும் சைக்கிளைத்தான் தேட வேண்டும்.

இந்த வேலையில் காசு வீணாவது மோட்டாரால் இல்லை, அளக்காமல் வாங்குவதால். நான் வீணாக்கியதும் அப்படித்தான், கீழே சொல்கிறேன்.

என் சைக்கிளும் 26, கிட்டும் 26. அப்படியென்றால் அப்படியே பொருந்திவிடும்தானே?

அவசரப்படாதீர்கள். இஞ்ச் கணக்கு வெறும் கூப்பிடு பெயர். டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். 50-559 என்றோ 37-590 என்றோ சின்னதாக அச்சிட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்தான் உண்மையான அளவு.

தடித்த டயர் போட்ட மலை சைக்கிளின் 26 என்பது 559. ஒல்லி டயர் போட்ட லேடீஸ் சைக்கிளின் 26×1⅜ என்பது 590. இரண்டுக்கும் பெயர் 26, வித்தியாசம் 31 மி.மீ. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மகளுடைய சைக்கிளுக்கென்று 559 ரிம்மில் கட்டிய கிட்டை வாங்கி வந்துவிட்டார். அதில் பழைய 590 டயரைப் போட்டுப் பார்த்தோம். பாட்டியின் வளையலைப் பேத்தி கையில் போட்ட மாதிரி தொங்கியது. டயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். டயரை மாற்றலாம், சரி. பிரேக் கட்டை ரிம்முக்கு மேலே 15 மி.மீ. தள்ளியல்லவா நிற்கும்?

மற்ற அளவுகளும் இதே கதைதான். 27.5 என்பது 584. 29 என்று விற்கும் மலை சைக்கிளும் 700சி என்று விற்கும் சாலை சைக்கிளும் ஒரே 622தான். நம் ஊர் பால்காரர் சைக்கிளின் 28×1½ என்பது 635. ஆனால் 28 என்று போட்டு 622 டயரும் கடையில் தொங்கும், ஏமாந்துவிடாதீர்கள். 24இல் தடித்தது 507, ஒல்லியானது 540. 20இல் சாதாரணமாக 406 வரும், சில மடக்கு சைக்கிள்களில் 451.

கிட்டில் வந்த எண்ணும் சைக்கிளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஸ்போக்ஸ் பக்கமே போக வேண்டாம், நேராக ஆக்சில் (சக்கரத்தின் நடு அச்சு) கேள்விக்குப் போய்விடுங்கள்.

சைக்கிளில் இருக்கிற ரிம்மையே பயன்படுத்தினால் செலவு மிச்சம் ஆகுமே?

ஓட்டையை எண்ணுங்கள். கிட்டில் வரும் ஹப் மோட்டார் அநேகமாக 36 ஓட்டை, ஒரு பக்கத்துக்கு 18. சைக்கிள் ரிம்மும் 36 என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், அது துருப்பிடிக்காமலும் வளையாமலும் இருந்தால்.

பழைய 28 இஞ்ச் சைக்கிள் இங்கேதான் காலை வாருகிறது. அதன் முன் ரிம்மில் 32 ஓட்டை, பின் ரிம்மில் 40. பாரம் பின்னால் அதிகம் என்பதால் வெள்ளைக்காரன் காலத்து ரோட்ஸ்டரில் (இந்தக் கனமான பழைய சைக்கிள் வகையின் பெயர்) வைத்த கணக்கு அது, இன்றும் தொடர்கிறது. 36 ஓட்டை மோட்டார் இரண்டிலும் சேராது. நாலு ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டித் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் உண்டு. கட்டவும் முடியும், கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும். ஆனால் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் இழுப்பதால் எல்லாமே ஒரே விறைப்பில் நிற்காது. ரிம்மில் புதிதாக ஓட்டை போடும் யோசனையும் வேண்டாம்.

அப்படியென்றால் 28 இஞ்ச் சைக்கிளுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. அப்பாவின் சைக்கிளுக்கு நான் செய்தது இதுதான்: முன் சக்கரத்துக்கு மட்டும் 700சி, அதாவது 622 அளவில், 36 ஓட்டை உள்ள இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் வாங்கினேன். 635க்கும் 622க்கும் விட்டத்தில் 13 மி.மீ.தான் வித்தியாசம், ஆரத்தில் ஆறரை. 35 மி.மீ. டயர் போட்டால் மட்கார்டுக்குள் அழகாக உட்கார்ந்துகொள்கிறது. சைக்கிள் முன்பக்கம் ஒரு விரல் அளவு தாழும், ஓட்டும்போது தெரியாது. இதே அளவை 36 ஓட்டையில் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். சாலை சைக்கிள் ரிம்களில் 32 ஓட்டையும் நிறைய வருகிறது.

முன்னால் பூட்டியதற்குக் காரணம் உண்டு. பின் மோட்டாருக்கு சைக்கிள் ஃப்ரேமில் 135 மி.மீ. இடைவெளி வேண்டும், ரோட்ஸ்டரின் பின்பக்கம் அதைவிடக் குறுகல். முன் மோட்டாருக்கு 100 போதும். முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் பழைய போர்க் 100க்கும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இரும்பு போர்க் என்பதால் கையால் விரித்தாலே இடம் கொடுக்கும். சேதி என்னவென்றால், இந்தக் கனமான பழைய போர்க்தான் மோட்டாருக்கு நல்லது. அலுமினிய போர்க்கில் எனக்கு நம்பிக்கை இல்லை, கார்பனில் வேண்டவே வேண்டாம்.

கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுக்கும் கம்பி பிரேக் விஷயத்தைப் பிரேக் கேள்வியில் தனியாகச் சொல்கிறேன்.

ஸ்போக்ஸ் நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் காசை வீணாக்கிய இடம் இதுதான். முதல் தடவை டேப்பை ரிம்மின் குறுக்கே வைத்து வெளி விளிம்பை அளந்துவிட்டு, கண்ணளவாக ஏதோ கழித்து 36 ஸ்போக்ஸ் வெட்டி வாங்கினேன். 6 மி.மீ. நீளம் கூடிவிட்டது. ஆறு மில்லிமீட்டர்தானே என்று கோர்த்து முறுக்கினால், நிப்பிள் (கம்பி நுனியை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்டு) மரை முடிகிற இடத்தில் முட்டி நின்றது, கம்பியோ இன்னும் தொளதொளவென்று ஆடுகிறது. அதற்கு மேல் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. ஒற்றைச் சுவர் ரிம்மாக இருந்திருந்தால் மிச்சம் நீட்டிக்கொண்டு டியூபையும் குத்தியிருக்கும். அந்த 36 கம்பியும் இன்னும் மொட்டைமாடிக் கொடியில் துணி மாட்டும் கொக்கியாக இருக்கின்றன.

மூன்று அளவு வேண்டும்.

முதலாவது, நிப்பிள் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். வெளியே இருந்து அளந்தால் வராது. பழைய ஸ்போக்ஸ் இரண்டை எடுத்து, வளைவை வெட்டிவிட்டு, மரை உள்ள நுனியிலிருந்து சரியாக 250 மி.மீ. இருக்கும்படி ராவுங்கள். கம்பி நுனி நிப்பிளின் வெட்டுப்பள்ளத்தின் அடி மட்டத்துக்கு வரும்வரை நிப்பிளை ஏற்றி, ரிம்மின் எதிரெதிர் ஓட்டைகளில் இரண்டையும் மாட்டி, நடுவை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். நடுவில் விழும் இடைவெளியை அளந்து 500ஐக் கூட்டினால் விட்டம். 100 இடைவெளி என்றால் 600. மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். சின்ன ரிம்மாக இருந்தால் கம்பிகளை 150க்கு வெட்டிக்கொள்ளலாம், அப்போது 500க்குப் பதில் 300ஐக் கூட்டுங்கள்.

இரண்டாவது, மோட்டார் விளிம்பில் ஸ்போக்ஸ் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் ஆரம். மோட்டாரின் மூடி நடுவில் உப்பியிருப்பதால் ஸ்கேல் குறுக்கே உட்காராது. அதற்கு ஒரு சுளுவான வழி: ஒரு பக்கத்தில் 18 ஓட்டை சம தூரத்தில் இருந்தால், ஒரு ஓட்டையிலிருந்து மூன்றாவது ஓட்டைக்கு 60 பாகை. வட்டத்தில் 60 பாகைக்கு நாண் என்பது ஆரமேதான். ஆக, ஒரு ஓட்டையின் மையத்திலிருந்து நடுவில் இரண்டை விட்டு அடுத்த ஓட்டையின் மையம் வரை வெர்னியரில் அளந்தால் ஆரம் கையில் வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இப்படி உதவும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. ஓட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும் மோட்டாரில் மட்டும் இது பலிக்காது.

மூன்றாவது, ஆக்சிலின் இரண்டு பக்க நட்டுக்கும் நடுமையத்திலிருந்து அந்த விளிம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது.

அப்பா சைக்கிளின் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ரிம் ஆரம் 300, மோட்டார் விளிம்பின் ஆரம் 65, மையத்திலிருந்து தள்ளல் 25. மூன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 90,000 + 4,225 + 625 = 94,850. ஒவ்வொரு கம்பியும் வழியில் இன்னொரு கம்பியை ஒரு தடவை மட்டும் கடக்கும் ஒரு குறுக்கு முறையில் கட்டுவதால் 20 பாகையின் கொசைன், அதாவது 0.94. 2 × 300 × 65 × 0.94 = 36,660. இதைக் கழித்தால் 58,190. வர்க்கமூலம் 241.2. கடைசியாக ஓட்டை விட்டத்தில் பாதி, ஒன்றரை மி.மீ. கழித்தால் சுமார் 240 மி.மீ. நான் 240 வாங்கினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

இதே மோட்டார் 26 இஞ்சில், 540 விட்டமுள்ள ரிம்மில் 210 மி.மீ. கம்பியோடு வந்திருந்தது. கணினியில் ஸ்போக்ஸ் நீளம் கணக்கிட்டுத் தரும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு, இதே மூன்று அளவைத்தான் கேட்கும். எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் அதுவும் தப்பாகத்தான் சொல்லும். பின் மோட்டாராக இருந்தால் இடமும் வலமும் தனித்தனியாகப் போடுங்கள், ஃப்ரீவீல் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பக்கத் தள்ளல் வேறாக இருக்கும்.

சாதாரண சைக்கிள் மாதிரி மூன்று குறுக்கில் கட்டலாமா?

வேண்டாம். சாதாரண ஹப் கைவிரல் தடிமன், மோட்டாரோ சாப்பாட்டுத் தட்டு அகலம். அதில் மூன்று குறுக்கு போட்டால் கம்பி ரிம்முக்குள் சாய்வாக நுழையும், நிப்பிள் வாயிலேயே மடங்கும். ஒடிவதும் அங்கேதான். ஒரு குறுக்கு போதும். சைக்கிள் கடையில் பழக்கதோஷத்தில் மூன்று போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

20 இஞ்ச் மடக்கு சைக்கிளுக்கு எந்த மோட்டாரும் போடலாமா?

சிறியதாகப் பார்த்துப் போடுங்கள். ஹப் மோட்டார் இரண்டு ஜாதி. உள்ளே பல்சக்கரம் வைத்த கியர் மோட்டார் உருவத்தில் சிறியது, பெடல் மட்டும் மிதித்தால் தடையில்லாமல் உருளும். பல்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார் அகலமானது, கனமானது. நேரடி மோட்டாரின் விளிம்பு ஆரம் 117 மி.மீ. அளவுக்கு வரும். 406 ரிம்முக்குள் அதை வைத்தால் கம்பிக்கு மிஞ்சுவது பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரே குறுக்கு போட்டாலும் கம்பி ரிம்மைச் சுமார் 25 பாகை சாய்வில் தொடும். நேராக ஓட்டை போட்ட ரிம்மில் நிப்பிளால் அவ்வளவு சாய முடியாது. ஒரு தடவை கட்டிப் பார்த்தேன், வாரத்துக்கு ஒரு கம்பி ஒடிந்தது. பின்னர் 65 ஆரமுள்ள கியர் மோட்டாருக்கு மாறினேன், கம்பி நீளம் சுமார் 136 மி.மீ. அதன் பிறகு தொல்லை இல்லை.

ஸ்போக்ஸ் எந்த கேஜ்?

மோட்டார் ஓட்டைகள் பெரும்பாலும் 13 அல்லது 12 கேஜுக்குத் துளைத்தவை. 13 என்பது 2.3 மி.மீ., 12 என்பது 2.6. சாதாரண சைக்கிளின் 14 கேஜ் 2 மி.மீ.தான். அதை அந்தப் பெரிய ஓட்டையில் போட்டால் தலை ஆடும், ஆடினால் கழுத்தில் ஒடியும். வேறு கிடைக்காவிட்டால் தலைக்குக் கீழே சின்ன வாஷர் வைத்துப் போடலாம். தடிமன் கூடக் கூட நல்லது என்று 12ஐத் தேடி அலைய வேண்டாம். 13 போதும். 12 கேஜின் நிப்பிள் பல ரிம் ஓட்டைகளில் நுழையவே நுழையாது.

சக்கரம் மாறினால் வேகம் எவ்வளவு மாறும்?

மோட்டாரின் சுற்று, பேட்டரி வோல்ட்டேஜைப் பொறுத்தது. சக்கரத்தைப் பொறுத்ததில்லை. 36 வோல்ட்டில் பாரமில்லாமல் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 26×1.95 டயர் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் போகும், ஆக மணிக்கு 31 கி.மீ. 700சி டயர் 2.17 மீட்டர், 32.5 கி.மீ. 24 இஞ்ச் என்றால் 28.5. 20 இஞ்ச் டயர் 1.57 மீட்டர்தான், 23.5 கி.மீ.

இது சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றும் கணக்கு. ஆள் ஏறி உட்கார்ந்தால் சமதரையில் சுமார் 200 சுற்றுக்கு இறங்கும். அப்போது 26இல் 24.5, 700சியில் 26, 20இல் 19. அப்பாவுக்கு இந்த ஒன்றரை கி.மீ. கூடுதல் பெரிய சந்தோஷம். மடக்கு சைக்கிளில் 19 என்பது கொஞ்சம் சோம்பல்தான். 20 இஞ்சுக்கென்றே வேகமாகச் சுற்றும்படி வைண்டிங் செய்த மோட்டார் வருகிறது, வாங்கும்போதே சுற்றைக் கேளுங்கள். 48 வோல்ட்டுக்கு மாறினாலும் சுற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் அதைத் தாங்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வோல்ட் காட்டும், 36 வோல்ட்டுக்கு மட்டும் செய்த கன்ட்ரோலரில் செருகினால் புகையோடு விடைபெறும்.

பெரிய சக்கரத்தில் மேடு ஏறுமா?

கொஞ்சம் திணறும். மோட்டாரின் முறுக்குவிசை அதேதான், சக்கரம் பெரிதானால் தரையைத் தள்ளும் விசை குறையும். 26இலிருந்து 700சிக்குப் போனால் அதே மேட்டுக்கு மோட்டார் 6 சதவீதம் அதிகக் கரண்ட் இழுக்க வேண்டும். சூடு கரண்டின் வர்க்கத்தில் கூடுவதால் வைண்டிங்கில் 12 சதவீதம் சூடு அதிகம். மேம்பாலம் ஏறுவதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்றினால் வேறு கதை, பெடலை மிதித்துக் கொடுங்கள்.

20 இஞ்சில் இது தலைகீழ். தள்ளும் விசை 31 சதவீதம் கூடும், அதே மேட்டில் சூடு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறையும். வேகத்தில் இழந்ததை இங்கே வாங்கிக்கொள்கிறது. மலைப்பாங்கான ஊரில் இருப்பவர் மோட்டாரைச் சின்ன சக்கரத்துக்கு மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

டிஸ்ப்ளே காட்டும் வேகம் தப்பாக இருக்கிறதே?

சக்கர அளவை அதில் மாற்ற மறந்திருப்பீர்கள். 26 என்று வைத்துவிட்டு 700சியில் ஓட்டினால், 25 காட்டும்போது உண்மையில் 26.5இல் போகிறீர்கள். 20 இஞ்சில் இதனால் ஒரு வேடிக்கை நடக்கும்: டிஸ்ப்ளே 25 என்று நினைத்து மோட்டாரை நிறுத்தும்போது சைக்கிள் 19இல்தான் போய்க்கொண்டிருக்கும். மோட்டாருக்கு வலுவில்லை என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். எஸ்866 வகை டிஸ்ப்ளே என்றால் பி06இல் சக்கர இஞ்ச், பி08இல் வேக வரம்பு. பி07 மோட்டாரின் காந்த எண்ணிக்கை, அது மோட்டாரோடு வந்தது, சக்கரம் மாறினாலும் அதைத் தொடாதீர்கள்.

ஆக்சில் போர்க்கில் நுழையவில்லை. என்ன செய்வது?

மோட்டாரின் ஆக்சில் 12 மி.மீ. திருகு, இரண்டு பக்கமும் 10 மி.மீ.க்குத் தட்டையாகச் சீவியிருக்கும். முன் போர்க்கின் வாய் பொதுவாக 9 மி.மீ. அரத்தால் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் ராவ வேண்டும், இரும்பு போர்க்கில் மட்டும். ஒரே பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். ஆக்சிலை ஒருபோதும் ராவாதீர்கள்.

அந்தத் தட்டைப் பகுதிதான் எல்லாம். சாதாரண சக்கரத்தில் ஆக்சில் சும்மா நிற்கும். ஹப் மோட்டாரில் சக்கரம் முன்னே திரும்பும் விசைக்குச் சமமாக ஆக்சில் பின்னே திரும்பப் பார்க்கும். போர்க் வாயிலிருந்து அது நழுவிச் சுழன்றால், ஆக்சிலுக்குள் வரும் வயர் முறுக்கி அறுந்துவிடும், சக்கரம் கழன்று முகத்தில் விழுவதும் நடக்கும். அதனால்தான் டார்க் ஆர்ம் என்கிற இரும்புப் பட்டையைக் கட்டாயம் போடச் சொல்கிறேன். பட்டையின் ஒரு முனை ஆக்சிலின் தட்டையைக் கவ்வும், மறுமுனை போர்க் தண்டில் கிளாம்பால் இறுகும். கிட்டில் வரவில்லை என்றால் 4 மி.மீ. இரும்புத் தகட்டில் 10 மி.மீ. வாய் வெட்டித் தரும்படி லேத் கடையில் கேளுங்கள்.

வயர் வெளியே வரும் துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் முதல் மழையிலேயே தண்ணீர் வயர் வழியாக மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

பிரேக்குக்கு என்ன வழி?

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளாக இருந்தால் கவலையே இல்லை. டிஸ்க் ஹப்பில் இருக்கிறது, ரிம் எந்த அளவானாலும் அதற்கு ஒன்றுதான். மோட்டாரில் ஆறு திருகு டிஸ்க் மாட்டும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வும் வி-பிரேக்கின் கட்டையை மேலும் கீழும் சில மி.மீ. நகர்த்தலாம், அவ்வளவுதான்.

ரோட்ஸ்டரின் கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக அழுத்துவது. அதற்கென்றே தோள் வைத்த ரிம் அது. 700சி அலுமினிய ரிம்மில் அந்தத் தோள் இல்லை, கட்டை அழுத்த இடமே கிடையாது. அப்பாவின் சைக்கிளில் பின் சக்கரத்தையும் அதன் கம்பி பிரேக்கையும் அப்படியே விட்டேன். முன்னால் போர்க் தலையில் மட்கார்டு போல்ட் போகும் துளை இருந்தது. அதில் கை நீண்ட காலிப்பர் பிரேக் ஒன்றைப் பூட்டினேன். உண்மையில் பழையதைவிட இதுதான் நன்றாக நிற்கிறது. குரோம் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் எப்படி வழுக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிரேக்கைச் சரிசெய்யாமல் மோட்டாரை மட்டும் பூட்டித் தரச் சொன்னவர்களுக்கு நான் செய்து கொடுத்ததில்லை.

ஸ்போக்ஸ் வேலையே வேண்டாம். 26 இஞ்ச் மோட்டார் சக்கரத்தை 27.5 சைக்கிளில் அப்படியே மாட்டினால்?

டிஸ்க் பிரேக் இருந்தால் மாட்டலாம். ரிம் ஆரம் 12.5 மி.மீ. குறையும், கொஞ்சம் தடித்த டயர் போட்டு அதில் பாதியை ஈடுகட்டலாம். பின்னால் மாட்டினால் பெடல் கொஞ்சம் தாழும், வேகத்தடையிலும் திருப்பத்திலும் பெடல் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்காது. ஓடும்.

சைக்கிள் கடையில் கொடுத்தால் கட்டித் தருவார்களா?

கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் யாராலும் முடியும். ஆனால் பல பேர் மோட்டாரைப் பார்த்ததும் எலக்ட்ரிக் வேலை எனக்குத் தெரியாது என்று கையை விரிப்பார்கள். வயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் அண்ணே, இதை ஒரு பெரிய ஹப் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அது வேலை செய்தது. கட்டுபவர் மோட்டாரைத் தரையில் உருட்டும்போது வயர் நசுங்காதபடி ஒரு துணியில் சுற்றி ஆக்சிலோடு கட்டிக் கொடுங்கள்.

எந்தப் பக்கம் இடது என்று மோட்டாரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் கியர் மோட்டார் பின்னோக்கித் தள்ளப் பார்க்கும். அவிழ்ப்பதற்கு முன் பழைய சக்கரத்தை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்வதும் நல்லது, கோர்த்த முறை மறந்துபோகும்.

லைசென்ஸ் வேண்டுமா?

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸ், பதிவு எண் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை சோதனை முடித்துச் சான்று பெற்ற வண்டிகளை மனதில் வைத்தது, வீட்டில் பூட்டிய கிட்டுக்கு அந்தச் சான்று கிடையாது. குறைந்தபட்சம் டிஸ்ப்ளேயில் சக்கர அளவைச் சரியாகப் போட்டு வரம்பை 25க்குள் வையுங்கள். பெரிய சக்கரத்துக்கு மாறியவர்கள்தான் தெரியாமலே இதைத் தாண்டிப் போகிறார்கள்.

கட்டி முடித்த பிறகு எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்?

முதல் 50 கி.மீ. முடிந்ததும் ஒரு தடவை, 200இல் ஒரு தடவை. புது ஸ்போக்ஸ் மோட்டார் ஓட்டையில் படிந்து உட்கார உட்கார தளரும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டிக் கேளுங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் டொக்கென்று விழுந்தால் அந்த நிப்பிளை அரைச் சுற்று ஏற்றுங்கள். 20 இஞ்சின் குட்டைக் கம்பிகள் இயல்பாகவே கீச்சென்று ஒலிக்கும், அதைப் பெரிய சக்கரத்தோடு ஒப்பிடாதீர்கள்.

ஆக்சில் நட்டையும் அதே நாளில் இறுக்கிப் பாருங்கள். அப்பாவின் சைக்கிளில் முதல் 50 கி.மீ.க்குப் பிறகு வலது நட்டு கால் சுற்று ஏறியது. 200இல் அசையவில்லை. ஸ்போக்ஸில் மட்டும் வால்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று தளர்ந்திருந்தது.